சூரியனில் இருக்கும் உப்பு

எங்கள் மாமா பொய் சொல்வார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. யுத்தம் முடிந்து பர்மாவிலிருந்து திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு பட்டாளத்துக் கம்பளி, பிறகு இந்தப் பொய்கள். பர்மாக் காட்டில் கொசு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஜப்பான்காரன் விமானம் தாழப் பறந்தபோது லாரியின் மேல் ஏறி நின்று அதன் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறார். வெள்ளைக்கார ஜெனரல் ஒருவர் இவர் ஓட்டிய லாரியிலிருந்து இறங்கும்போது கைகுலுக்கிப் பாராட்டியிருக்கிறார், அதுவும் தமிழில். சாயங்காலமானால் மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்கள் கூடி, "இன்னைக்கி என்ன புதுசுங்க?" என்று கேட்பார்கள். மாமாவும் வஞ்சனையில்லாமல் கொடுப்பார்.

அவர் அம்மாவின் தம்பி. அம்மாவை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. அதனால் உடையார்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டிலேயே தங்கி, அப்பாவோடு சேர்ந்து வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டுமென்று அம்மா படாத பாடு பட்டாள். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் மரியாதையாக உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். பிறகு, "பையன் நல்ல பையந்தான். ஆனா வாயத் தொறந்தா..." என்று இழுத்தார்கள். அதற்குமேல் அம்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள். எழுந்து வந்துவிடுவாள்.

கடைசியில் வேப்பந்தட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் தானாகவே தேடி வந்தது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். வசதியான குடும்பம், ஒரே பெண், வயது இருபத்திரண்டு ஆகியும் இன்னும் கல்யாணமாகவில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய வயது. ஏன் ஆகவில்லை என்று அம்மா கேட்கவில்லை. நம்மிடம் ஒரு குறை இருக்கும்போது அடுத்தவர் குறையைக் கிளறக் கூடாது என்று நினைத்திருப்பாள்.

பெண்ணின் தகப்பனாரே மாப்பிள்ளை பார்க்க வந்தார். வெள்ளை மீசை, விறைப்பான முதுகு. காலையில் எழுந்து சூரியனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றாதவர் என்று அவரைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அடைமழைக் காலத்தில் மேகம் விலகும் வரை பட்டினி கிடப்பாராம். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மா முதல் நாளே மாமாவை எச்சரித்து வைத்திருந்தாள்.

"தம்பி, அந்த மனுசன் முன்னால நீ வாயத் தொறக்கவே கூடாது. கேட்டா தலைய ஆட்டு. போதும்."

மாமா அப்படியே செய்தார். தோய்த்த வேட்டி கட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாதவர்போல உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேப்பந்தட்டைக்காரர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விசயம் சொல்லிடறேங்க. பொண்ணுக்குச் செவ்வா தோசம். அதனாலதான் இத்தன வருசமா வர்றவங்கள்லாம் திரும்பிப் போயிடறாங்க. மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு மனசு வராது."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா மேலே விட்டத்தைப் பார்த்தார். செவ்வாய் தோஷமுள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் நிலைக்க மாட்டான் என்பது அந்த நாளில் யாரும் சந்தேகப்படாத விஷயம். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"செவ்வாய்ங்கறது என்னங்க, துருப்புடிச்ச கல்லும் மண்ணுந்தானே? நம்ம வூட்டுக் கலப்பைக் கொழு மழையில கெடந்தா செவந்து போவுதுல்ல, அதே துருதான். அதான் வானத்துல செவப்பாத் தெரியுது. அங்க கெடக்குற கல்லு இங்க இருக்குற பொண்ண என்னங்க பண்ணும்?"

வேப்பந்தட்டைக்காரர் மாமாவை வியப்போடு பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் தெளிந்ததுபோலக்கூட இருந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, "அப்ப சூரியன்?" என்று கேட்டார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள். மாமா பார்க்கவில்லை.

"சூரியன்ல பெரும்பங்கு வெறும் வாயுங்க. தண்ணியில கலந்திருக்குற ஒரு வாயு இருக்கு, எல்லாத்துலயும் லேசானது, அதுதான். அதோட இன்னொரு வாயு. அத மொதமொதல்ல சூரியன்லதான் கண்டுபுடிச்சாங்க, பூமியில இருக்குறது அப்புறமாத்தான் தெரிஞ்சிது. பெறகு கொஞ்சங்கொஞ்சமா எல்லாம் இருக்கு. நம்ம சோத்து உப்புல இருக்குறது, இரும்பு, அரியலூர் சுண்ணாம்புக் கல்லுல இருக்குறது. பூமி, செவ்வா, புதன் எல்லாம் அதே சாமான்தாங்க. ஒரே மாவுல புடிச்ச உருண்டைங்க. என்ன, நாம ஆறிட்டோம், அது இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்கு."

வாசலில் நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமாவின் புதுப் பொய் என்று நினைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. வேப்பந்தட்டைக்காரரின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"நான் தெனமும் கும்புடறது உப்பையும் சுண்ணாம்பையுமா?"

"நீங்க கும்புடறதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. அதுல என்ன இருக்குன்னுதான் சொன்னேன்."

"தம்பி, ஒங்களப் பத்தி நாலு பேரு நாலு விதமாச் சொன்னாங்க. நான் நம்பல. இப்ப என் காதாலயே கேட்டுட்டேன்." எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பையன் வெளையாட்டுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். தட்டு மாத்திக்கலாம். ஆடி முடியறதுக்குள்ள சேதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். ஒரு வார்த்தை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை. அம்மா கெஞ்சினாள், அழுதாள், சோறு போடமாட்டேன் என்றாள். ஆட்டுக்குட்டியைத் தூக்கிய கொசுவை எத்தனை முறை அவரே சிரித்துக்கொண்டு வாபஸ் வாங்கியிருக்கிறார்! இதை மட்டும் விட மாட்டேன் என்கிறார். "போக்கா, வேற பேசு" என்பார். அவ்வளவுதான். அப்பாகூட ஒருநாள் அலுத்துப்போய், "இவன் பொய்யில இந்த ஒண்ணுக்கு மட்டும் வேர் விட்டிருக்கு" என்றார்.

எனக்கும் அது விளங்கவில்லை. மாமா கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு போவார். அவை பின்னுக்கு ஏறி வரும்போது நடந்து வருவார். நானும் கூடவே இறங்கி ஏறினேன்.

"அது பொய்தானே மாமா? சொல்லிட வேண்டியதுதானே?"

தோல் பையிலிருந்து தண்ணீர் கொட்டி வாய்க்காலில் ஓடியது.

"நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஊரே சொல்லட்டும் பாப்பா, ஒத்துக்கறேன். இது நான் சொன்னதில்ல. ஒருத்தர் எனக்குச் சொன்னது."

அப்போதுதான் பர்மாவைப் பற்றி மாமா சொன்ன முதல் நிஜத்தைக் கேட்டேன். பட்டாளத்தில் அவர் லாரியில் கூட உட்கார்ந்து வந்தவர் ஒருவர். பாளையங்கோட்டைப் பக்கத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்து பட்டாளத்தில் சேர்ந்தவர். மாமா அவரை வாத்தியார் என்றே கூப்பிடுவார். காட்டுப் பாதையில் வாரக்கணக்கில் மழை. சூரியன் கண்ணில் படவே இல்லை. ராத்திரி பகல் தெரியாமல் வண்டி ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம்.

"எனக்குக் கண்ணு சொக்கும். நான் தூங்கிடக் கூடாதுன்னு அவரு பேசிக்கிட்டே வருவாரு. பாக்க முடியாத சூரியனப் பத்தித்தான் பேச்சு. அதுல என்ன இருக்கு, செவ்வாயில என்ன இருக்கு, சந்திரன்ல என்ன இருக்கு. கேள்வி கேப்பாரு. தப்பாச் சொன்னா தொடையில கிள்ளுவாரு. அப்புறம் அவருக்குக் காய்ச்சல் கண்டுது. அப்பவும் பேசிக்கிட்டுத்தான் வந்தாரு. ஒரு எடத்துல பேச்சு நின்னுடுச்சி. வண்டிய நிறுத்த எடமில்ல. பின்னால வரிசையா லாரி. நான் ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

மாடுகள் தாமாகவே நின்றுவிட்டன. மாமா அவற்றை ஓட்டவில்லை.

"அத நான் எப்புடி வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லுவேன்?"

எனக்கு அந்த வாத்தியார் செத்துப்போனது உறைத்ததைவிட வேறொன்றுதான் உறைத்தது. "சூரியன் அவ்ளோ தூரத்துல இருக்கே. அதுல உப்பு இருக்குறது அவருக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டேன்.

மாமாவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. வாத்தியாரும் இப்படியொரு கேள்வியைத்தான் எதிர்பார்த்திருப்பார்போல. உப்பை நெருப்பில் போட்டால் மஞ்சளாக எரியும், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நிறம் உண்டு என்றார் மாமா. முப்பட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளிச்சம் வானவில்போலப் பிரியும். அதில் உப்புக்கு ஓர் இடம், இரும்புக்கு ஓர் இடம். சூரிய வெளிச்சத்தை அப்படிப் பிரித்தால் அந்தந்த இடத்தில் மயிரிழைபோலக் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். சூரியனைச் சுற்றியிருக்கும் ஆவியில் அந்தச் சாமான் இருப்பதால், தன் நிறத்தை மட்டும் அது விழுங்கிவிடுகிறது.

"நீங்க பாத்திருக்கீங்களா மாமா?"

"இல்ல பாப்பா. அங்க கண்ணாடிக்கு எங்க போறது?"

பார்க்காத ஒன்றுக்காகத்தான் இவ்வளவு பிடிவாதமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்தக் கணமே முடிவு செய்துவிட்டேன். கண்ணாடியைத் தேடிப் பிடிப்பது, கோட்டைப் பார்ப்பது, அதை வேப்பந்தட்டைக்காரருக்குக் காட்டுவது. பத்து வயதில் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். அன்று முதல் மாமாவை நான் விடவில்லை.

அரியலூர்ச் சந்தைக்கு வண்டி போன நாளில் நானும் ஏறிக்கொண்டேன். கடைத்தெருவில் கல்யாணங்களுக்கு விளக்கு வாடகைக்குக் கொடுக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவர் கடையில் கியாஸ் லைட்டுகளுக்கு நடுவே பழைய சரவிளக்கு ஒன்று தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்ணாடித் தொங்கல்கள் மூன்று பட்டையாக, விரல் நீளத்துக்கு இருந்தன. நான் காட்டினேன். மாமா கேட்டார்.

பாய்க்கு மாமாவைத் தெரியும். கழன்று விழுந்த தொங்கல் ஒன்றை ஒரு டப்பாவிலிருந்து தேடி எடுத்து, துணியால் துடைத்துக்கொண்டே, "இன்ஷா அல்லா, சும்மாவே தரேன் தம்பி. பர்மாக் கதை ஒண்ணு சொல்லிட்டு வாங்கிக்கங்க" என்றார்.

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "இன்னைக்கி ஒண்ணும் வரமாட்டேங்குது பாய்" என்றார். பாய் அவரை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

கண்ணாடி கிடைத்துவிட்டால் கோடும் கிடைத்துவிடும் என்று நினைத்தது தப்பு. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை போட்டிருந்த அறையின் ஜன்னலைச் சாக்கால் மூடினோம். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகடு எடுத்து, அதில் வெட்டிய சந்தின் இரு பக்கமும் சவர பிளேடு ஒட்டினோம். நடுவே மயிர் நுழையும் இடைவெளி. அதன் வழியாக வானத்து வெளிச்சம் ஒரு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். அறையின் மறு கோடியில் நின்று கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, சற்றுப் பக்கவாட்டில் திரும்பினால் அந்தக் கீற்று நிறங்களாக விரியும். நிறங்கள் உடனே வந்துவிட்டன. கோடுதான் வரவில்லை.

இடைவெளியைக் குறுக்கினோம். வெளிச்சமே போய்விட்டது. கொஞ்சம் அகட்டினோம். நிறம் ஒன்றோடொன்று கலந்து வழிந்தது. ஆடிக் காற்றில் சாக்கு பறந்துபோயிற்று. மேகம் வந்து மறைத்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து நேரே அந்த அறைக்குப் போவேன். வேலை முடித்து மாமா வருவார். கழுத்து வலிக்கும், கண்ணில் நீர் வழியும். "வுட்டுடலாமா பாப்பா?" என்று அவர்தான் ஒருநாள் கேட்டார். "நீங்க போங்க, நான் பாக்குறேன்" என்றேன்.

மறுநாள் வானம் வெள்ளை மேகமாக, ஆடாமல் அசையாமல் இருந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தேன். மஞ்சள் சிவப்பாக மாறத் தொடங்கும் இடத்தில் என் கண்ணிமை மயிர் குறுக்கே விழுந்ததுபோல இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அது போகவில்லை. அதே இடத்தில் செங்குத்தாக, மெல்லியதாக, கறுப்பாக நின்றது. பச்சையிலும் ஒன்று இருப்பதுபோல் தெரிந்தது.

"மாமா!" என்று கத்திய கத்தலில் அம்மா பாம்பு கடித்துவிட்டதென்று ஓடி வந்தாள்.

மாமா அவசரப்படவில்லை. பொழுது சாயும் வரை காத்திருந்து, எண்ணெயில் நனைத்த துணியை ஒரு கம்பில் சுற்றிக் கொளுத்தி, உப்பை அள்ளி அள்ளி அதன்மேல் போடச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே சந்தின் கீழ்ப் பாதிக்குப் பின்னால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல் பாதியில் இன்னும் வானத்து வெளிச்சம் இருந்தது. உள்ளேயிருந்து மாமாவின் குரல் வரவேயில்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். "மேல கருப்பு, கீழ மஞ்சளு. ஒரே நேரா நிக்கிது பாப்பா" என்றார். அவர் கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. "அவரு பாத்திருக்கணும்" என்றார்.

"வேப்பந்தட்டைக்காரருதானே? காட்டிடலாம் மாமா" என்றேன். மாமா என் தலையில் கைவைத்தார்.

உப்புப் பானை பாதி காலியானதற்கு அம்மா என்னை விளாசிவிட்டாள். ஆனால் அப்பா அறைக்குள் போய்க் கண்ணாடியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து, "இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றார். அப்பா அவ்வளவு சொன்னதே பெரிது. "பெரிய மனுசர் பொய்யின்னுட்டுப் போயிட்டாரு. போயிக் காட்டிட்டு வந்துடுவோம்" என்று அவரே தீர்மானித்தார். மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமும் கொண்டு போவார்கள், தகரமும் உடைந்த கண்ணாடியும் கொண்டு போனவர்கள் உண்டா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே புடவை மாற்றிக்கொண்டாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குக் கரி பஸ். பின்னால் பெரிய உருளையில் கரி புகைந்துகொண்டிருக்கும், மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். மாமா தள்ளியபோது பட்டாளத்து லாரிக் கதை ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தகட்டை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை முந்தானை முடிச்சில் வைத்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்திருந்தேன். பெரம்பலூரிலிருந்து மாட்டு வண்டியில் வேப்பந்தட்டை போய்ச் சேர உச்சிப்பொழுதாகிவிட்டது.

வேப்பந்தட்டைக்காரர் எங்களை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் மரியாதையாக உட்காரவைத்தார். அப்பா விஷயத்தைச் சொன்னதும், "நான் பாக்கமாட்டேன்னு சொன்னா அது நாயமில்ல" என்று அவரே எழுந்து தானிய அறையைத் திறந்துவிட்டார். தகட்டைப் பொருத்திச் சாக்கைக் கட்டினோம். கண்ணாடியை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவரும் நான் சொன்னபடியெல்லாம் செய்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கலரு தெரியுது. கோடு ஒண்ணும் தெரியல."

"மஞ்சளும் செவப்பும் சேர்ற எடத்துல பாருங்க" என்றேன்.

"பாத்தேன் கண்ணு. தெரியல. தெரியாதத தெரிஞ்சதா என்னால சொல்ல முடியாது." அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அறுபது வயதுக் கண்ணுக்கு அந்த மயிரிழை தெரியாமல் போகலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு மாமாவைப் பார்த்து, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போயிடல தம்பி. வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்றார்.

அம்மா கண்ணாலேயே மாமாவைக் கெஞ்சினாள். மாமா எழுந்து நின்று கைகூப்பினார்.

"ஒங்களுக்குத் தெரியலன்னா தெரியலதாங்க. அது ஒங்க தப்பில்ல. ஆனா கோடு இருக்கு. நான் போயிட்டு வரேன்."

அப்பாவும் எழுந்தார். அம்மா வாசல்படியிலேயே அழத் தொடங்கிவிட்டாள். அவர்கள் மூவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கவில்லை. அத்தனை நாள் கழுத்து வலித்ததும், வாங்கிய அடியும், கரி பஸ்சின் புகையும் எல்லாம் வீணா? கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். அடுப்படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மாநிறம், நெற்றி வியர்த்திருந்தது. அவள்தான் பெண் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க வந்து பாருங்க. ஒங்கப்பாவுக்குத் தெரியலயாம். ஒங்களுக்குத் தெரியும், வாங்க!"

அவள் திமிறவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தானிய அறைக்கு வந்தாள். அவள் தகப்பனார் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. நான் கண்ணாடியை அவள் கண்ணோடு பிடித்துவைத்தேன். அவள் பார்த்தாள்.

"தெரியுதுப்பா" என்றாள். "கருப்பாத் தெரியுது. ரெண்டு கோடு, பக்கத்துல பக்கத்துல."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாத்துட்டேன்பா."

அவர் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேகமாக வாசலுக்குப் போய், "நில்லுங்க! எம் பொண்ணு வாயில பொய் வந்ததில்ல. அவ இருக்குன்னா இருக்கு" என்று கூப்பிட்டார். மாமா தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார். "உப்போ சுண்ணாம்போ, நான் கும்புடறத மட்டும் நிறுத்த மாட்டேன், அதச் சொல்லிட்டேன்" என்றார் வேப்பந்தட்டைக்காரர்.

"நிறுத்தவே கூடாதுங்க" என்றார் மாமா.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நான் சூரியனில் உப்பு இருப்பதை நிரூபித்த கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தை வந்த பிறகு மாமாவின் கொசு இன்னும் பெரிதாகி, எருமைக் கன்றைத் தூக்கத் தொடங்கியது. செவ்வாய் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் இருவரும் பேரன் பேத்திகளைப் பார்த்தார்கள்.

பின்னாளில் நான் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது ஒரு புத்தகத்தில் பார்த்தேன். உப்பின் அந்த மஞ்சள் கோடு உண்மையில் ஒன்றல்ல. மிக நெருக்கமாக நிற்கும் இரண்டு கோடுகள். நல்ல கருவி இருந்தால்தான் பிரிந்து தெரியும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானும் மாமாவும் அப்பாவும் ஒன்றைத்தான் பார்த்திருந்தோம். சரவிளக்குத் தொங்கலை வைத்துக்கொண்டு அத்தை இரண்டையும் பார்த்திருக்கிறாள்! என்ன கண்ணாக இருக்கும் அது!

லீவில் ஊருக்கு வந்ததும் அவளிடம் ஓடினேன். அத்தை சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நெசமாவே ரெண்டா இருக்கு? எனக்கு ஒரு கோடும் தெரியலடி. கலருகூடச் சரியாத் தெரியல, கண்ணு அப்புடித் துடிச்சுது."

"அப்புறம் ஏன் ரெண்டுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணுன்னா கண்ணுல தூசிம்பாரு எங்கப்பா. அதான் ரெண்டாச் சொன்னேன்."

சிரிப்பு அடங்கியதும் இன்னொரு வெங்காயத்தைக் கையில் எடுத்தாள்.

"ஒங்க வூட்டுக்கு வந்துட்டுப் போன அன்னைக்கி எங்கப்பா கோவத்துல எல்லாத்தையும் சொல்லிக் கத்தினாரு. செவ்வா துருப்புடிச்ச கல்லாம், அது பொண்ண என்ன பண்ணுங்கறான்னு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வயசுக்கு வந்த நாள்லேருந்து அப்புடி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. அந்த மனுசன் எங்க வூட்டு வாசப்படிய எறங்கிப் போயிக்கிட்டிருக்காரு. நீ என்னடான்னா கோடு தெரியுதா கோடு தெரியுதாங்கற."

அன்று அந்த வீட்டில் எல்லோரும் சூரியனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.